கரையில் ஒரு பகல்



ஒரு பகற்பொழுது மட்டும் தங்கிச் செல்லும் விருந்தினரை நாஞ்சில் நாட்டாராகிய நாம் நன்கறிவோம். வடசேரிப் பேருந்து நிலையத்தில் காலையில் வந்திறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். தோளிற் பையும் இடுப்பிற் குழந்தையுமாக, "கன்னியாகுமரிக்கு எந்த வண்டி?" என்று கேட்டு ஓடுவார்கள். 1970-இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை, 2000 ஜனவரி முதல் நாளன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை, இவ்விரண்டையும் இணைக்க 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் ஆகிய அனைத்தையும் சில மணி நேரத்தில் பார்த்து முடித்து, சங்கு மாலையொன்றை வாங்கிக்கொண்டு இரவு வண்டியில் திரும்பிவிடுவார்கள். அலங்கார உபகார மாதா திருத்தலத்தைச் சுற்றி நெருக்கமாய் வாழும் மீனவ மக்களின் தெருவிற் கால் வைத்தவர் அவர்களுள் எத்தனை பேர்? தாம் பேருந்து மாறிய வடசேரியிலேதான் கோயில் நகை செய்யும் கைவினைஞர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

அவர்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. நாமே அத்தகைய விருந்தினராகப் பிறர் ஊருக்குப் புறப்படும் காலம் வந்துவிட்டது. விருந்தினரைக் கண்டு பழகிய நாம், விருந்தினராய்ச் செல்லும்போது எப்படி நடந்துகொள்ளப் போகிறோம் என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க விரும்புவது.

2023 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பலொன்று இலங்கையை நோக்கிப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளும் அதன் பயணத்தில் இடம்பெற்றிருந்தன. இத்தகைய கப்பலை மிதக்கும் விடுதி என்றே சொல்லலாம். உணவு, உறக்கம், ஆடல் பாடல் யாவும் கப்பலுக்குள்ளேயே உண்டு. பெரும்பாலும் இரவில் ஓடிக் காலையில் ஒரு துறையைச் சேரும். பயணிகள் கரையிறங்கிச் சில மணி நேரம் சுற்றிவிட்டு, குறித்த நேரத்திற்குள் திரும்பிவிட வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திராது. ஆகவே கரையில் நடப்பவனின் கண் பாதி காட்சியிலும் பாதி கைக்கடிகாரத்திலுமாக இருக்கும்.

பெரிய துறைமுக நகரங்களுக்கு இதனால் பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை. ஆயிரம் பேர் இறங்கினாலும் கொச்சியோ கொழும்போ அவர்களைத் தன் கூட்டத்திற் கரைத்துக்கொள்ளும். சிறிய துறையின் நிலை வேறு. அங்கே ஒரு கப்பல் வந்தால் அன்று ஊருக்கே திருவிழா. கப்பல் போய்விட்டால் ஊர் மீண்டும் வெறிச்சோடும். இரவுச் சோறும் உறக்கமும் கப்பலிலேயே இருப்பதால் பயணி கரையில் விட்டுச் செல்லும் பணமும் சிறிதே. சுற்றுலாவைக் கப்பலிலேயே விற்றுவிட்டால், அப்பணத்திலும் ஒரு பங்கு கப்பலிலேயே நின்றுவிடும்.

உலகில் இதற்கு இருவகையான விடைகளைக் கண்டிருக்கிறார்கள். கரீபியன் கடலில் உள்ள எயிட்டி நாட்டில் லபாதி என்றொரு கடற்கரை உண்டு. 1980-களில் அதனை ஒரு கப்பல் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, வேலியிட்டுத் தன் பயணிகளுக்கென ஒதுக்கிக்கொண்டது. அங்கு இறங்கிய பயணிகள் அந்நாட்டின் மணலைக் கண்டார்கள், மக்களைக் காணவில்லை. வெனிஸ் நகரமோ இதற்கு மாறான வழியைத் தேடிற்று. 2021 ஆகஸ்டு முதல் பெருங்கப்பல்கள் நகரின் நடுக் கால்வாயில் நுழையாதவாறு தடுக்கப்பட்டன. 2024 ஏப்ரலில், கூட்டம் மிகும் நாட்களில் பகலில் மட்டும் வந்து போவோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கவும் தொடங்கினார்கள். முன்னதில் வேலியிட்டவர் விருந்தினர். பின்னதில் வாயிலிற் காவல் வைத்தவர் வீட்டார். இரண்டிலும் வீட்டாரும் விருந்தினரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

காங்கேசன்துறைக்கும் நமக்கும் இடையே வேலியுமில்லை, வாயிற்காவலுமில்லை. இடையிலிருப்பது நாம் இருவரும் பேசும் ஒரே மொழி. ஆனால் அம்மொழியே சிலவேளை திரையாகவும் ஆகிவிடுகிறது. "இவர்களும் தமிழர், நாமும் தமிழர், இவர்களைப் பற்றி நாம் அறியாதது என்ன இருக்கிறது?" என்று எண்ணிவிடுகிறோம். பிற நாட்டான் ஒருவன் அங்கே இறங்கினால் ஆயிரம் கேள்வி கேட்பான். நாமோ ஒன்றும் கேளாமலே எல்லாம் அறிந்தவராய்த் திரும்பி வருகிறோம்.

ஆகவே அத்துறையைச் சற்று அறிந்துகொள்வோம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலின் இப்பெயர் வந்தது என்பது அவ்வூரார் வழக்கு. 1950-இல் உற்பத்தி தொடங்கிய சிமெந்து ஆலையும், கொழும்புவரை சென்ற இரயில் பாதையும், துறைமுகமும் அவ்வூருக்கு வாழ்வளித்தன. 1990-ஆம் ஆண்டில் போர் அவ்வூரை விழுங்கிற்று. ஆலை நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் பல்லாயிரவர் உடுத்த உடையோடு வெளியேறினர். அவர்கள் வாழ்ந்த நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009-இல் போர் முடிந்த பின்னும் அந்நிலம் பகுதி பகுதியாகவே திருப்பித் தரப்பட்டு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இரயில் மீண்டும் ஓடியது 2015 ஜனவரியில். அருகிலுள்ள மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் அம்மக்கள் கைக்குத் திரும்பியது 2017 ஜூலையில். ஊரைவிட்டுப் போன குழந்தை தன் குழந்தையோடு திரும்பி வர இருபத்தேழு ஆண்டுகள் ஆயின என்க.

இராமேசுவரம் - தலைமன்னார் கப்பல் 1980-களில் நின்றுபோனதை நம்மிற் பெரியவர்கள் அறிவார்கள். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலொன்று தொடங்கப்பட்டு, வடகிழக்குப் பருவமழையால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பல் அவ்வழியில் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்லும் நேரத்திற்கு இது பெரிதும் மிகையன்று. அத்துறைமுகத்தை இந்திய நிதியுதவியோடு புதுப்பிப்பது பற்றி 2024 டிசம்பரில் இரு நாட்டு அரசுகளும் கூட்டறிக்கையிற் குறிப்பிட்டன. ஆகவே இனி நம் குடும்பங்கள் பலவும் அக்கரையில் இறங்கும் நாள் வரலாம்.

இறங்கினால் எதைப் பார்ப்பது? கைக்கடிகாரத்தை மாற்றவேண்டியதில்லை, 2006 முதல் இலங்கையின் நேரமும் நம் நேரமும் ஒன்றே. துறைக்கு அண்மையில் கீரிமலை உண்டு. உப்புக் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறும் கேணியில் மக்கள் நீராடும் காட்சி வியப்பளிப்பது. தெற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் யாழ்ப்பாண நகர். அங்கே நல்லூர்க் கோயிலும், போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டையும் இருக்கின்றன. நம் குளச்சலில் 1741-இல் மார்த்தாண்டவர்மரிடம் தோற்ற அதே ஒல்லாந்தர்தாம் அவர்கள்.

ஆயினும் ஒரே ஓரிடத்திற்குத்தான் நேரமுண்டு என்பவர்க்கு நாம் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் காட்டுவோம். 1959-இல் திறக்கப்பட்ட அந்த வெண்ணிறக் கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். அதன் அமைப்பிற்கு ஆலோசனை வழங்கியவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அதை எழுப்ப முன்னின்று உழைத்தோருள் ஒருவர், புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த அருட்தந்தை லாங் அடிகளார். 1981 மே 31 இரவு தொடங்கி அந்நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள், மீண்டும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகள் உட்படச் சாம்பலாயின. பன்மொழிப் புலவரான அருட்தந்தை தாவீது அடிகளார், கல்லூரி மாடியிலிருந்து அத்தீயைக் கண்டு மாரடைப்பால் உயிர்நீத்தார். இன்று அக்கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, பிள்ளைகள் அமர்ந்து படிக்கின்றனர். வாயிலில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவோர் பலர். உள்ளே சென்று அமைதியாய்ச் சற்று அமர்ந்து வருபவர், நூறு பக்கம் படித்து அறிவதை அரைமணி நேரத்தில் உணர்ந்து வருவார்.

இனி மனிதரைப் பற்றிச் சொல்வோம். அந்த முதற்பயணங்களில் ஒன்றில் சென்று வந்த குடும்பமொன்று நமக்கு மிக வேண்டியது. தந்தை, தாய், இரு பிள்ளைகள், எழுபத்தைந்து வயதுப் பாட்டி. திரும்பி வந்ததும் நம்மைக் காண வந்தார்கள். கைப்பேசியிலே நூற்றுக்கணக்கான படங்கள். கப்பலின் நீச்சற் குளம், உணவு மேசை, கோட்டைச் சுவர், கோயிற் கோபுரம் எல்லாம் கண்டோம். "அங்கே யாரோடாவது பேசினீர்களா?" என்று கேட்டோம். "எங்க சாமி நேரம்? நாலு மணிக்குள்ள கப்பலுக்குத் திரும்பணும்ணு சொல்லிட்டாங்க" என்றார் தந்தை.

அப்போது பாட்டி மெல்லச் சொன்னார்: "நான் பேசினேன் சாமி."

பாட்டி முட்டத்துக் கடற்கரையிற் பிறந்தவர். முழங்கால் வலியால் படியேற இயலாதவர். மற்றவர் கோட்டையைச் சுற்றிய நேரத்தில் அவர் வாடகை வேனிலேயே அமர்ந்திருந்தார். ஓட்டுநரும் நிழலில் இருந்தார். அவர் மயிலிட்டிக்காரர். எட்டு வயதில் ஊரைவிட்டு ஓடியவர். முகாமிலும் உறவினர் வீடுகளிலுமாக வளர்ந்து, மணந்து, பிள்ளை பெற்று, துறைமுகம் திரும்பக் கிடைத்தபின் அப்பன் தொழிலுக்குத் திரும்பியவர். வண்டி ஓட்டுவது மீன் படாத நாட்களில்.

"பின்னே ஏன் மக்களே, கடலுக்குப் போவாம வண்டி ஓட்டுதே?" என்று பாட்டி கேட்டிருக்கிறார்.

"உங்கட றோலருகள் வந்து எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போகுது, ஆச்சி" என்றாராம் அவர். கோபமாய்ச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோற் சொன்னாராம்.

பாட்டி வாதாடவில்லை; நியாயமும் சொல்லவில்லை. "ஒரு வலைக்கு என்ன வெலையாவும் மக்களே?" என்று மட்டும் கேட்டார். வலையின் விலை, வாங்கிய கடன், வட்டி, பிள்ளையின் படிப்பு என்று பேச்சு வளர்ந்தது. வலை முடையத் தெரிந்த கை பாட்டியினுடையது. எந்தக் கண்ணி எந்த மீனுக்கு என்பதுவரை இருவரும் பேசி முடிப்பதற்குள் மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். அன்று அக்குடும்பத்தில் யாழ்ப்பாணத்தைக் கண்டவர், வண்டியை விட்டு இறங்காத பாட்டியே என்று நாம் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. அந்த ஓட்டுநரின் பெயரை அவர் தம் மாலைச் செபத்தில் சேர்த்துக்கொண்டிருப்பதாக மருமகள் பின்பு நம்மிடம் சொன்னார்.

வாசகர்களே, அவ்வோட்டுநர் சொன்னது நமக்கு இனிய செய்தியன்று, ஆயினும் உண்மை. காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள அதே மயிலிட்டித் துறைமுகத்தில், இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த தமிழகப் படகுகள் வரிசையாய் நிறுத்தப்பட்டிருந்ததைச் செய்திகளிற் கண்டிருக்கிறோம். அவற்றை நாம் பார்த்தால் "ஐயோ, நம்மவர் படகு" என்றுதான் மனம் பதறும். பதறுவது தவறன்று. கைதாகிச் சிறையிலிருப்போரும், படகிழந்து கடனில் மூழ்கியோரும், கடலில் உயிரையே இழந்தோரும் நம்மவரே. அவர்களுட் பலர் பிறர் படகில் கூலிக்குச் சென்ற ஏழைகள். ஆனால் அதே படகைப் பார்க்கும் மயிலிட்டிக்காரருக்கு நினைவு வருவது அறுந்த தம் வலை. கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடியை இலங்கை 2017-இற் சட்டத்தால் தடை செய்தது. போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே விடப்படாதிருந்த மக்கள், போகலாம் என்ற நிலை வந்தபோது இழுவைப் படகுகளைத் தம் கடலிற் கண்டார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்கு இது புரியாத கதையா? 1970-களின் இறுதியில் தமிழகக் கடற்கரையில் கட்டுமரத்தாருக்கும் விசைப்படகினருக்கும் மோதல் மூண்டதை மறந்துவிட்டோமா? கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கலாகாது என்னும் விதி, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்வழி வந்தது ஏன்? வலை கிழிந்தவன் கண்ணீரை நம் கரையும் கண்டிருந்ததனாலன்றோ! முட்டத்துப் பாட்டிக்கு மயிலிட்டியின் துயரம் ஒரே சொல்லில் விளங்கியதற்குக் காரணம் இதுவே. இச்சிக்கலைத் தீர்ப்பது அரசுகளின் கடமை. இரு கரை மீனவரும் ஒன்றாயமர்ந்து பேசித் தீர்க்கவேண்டியது. ஒரு பகல் தங்கும் பயணியால் அது தீராது. ஆயினும் எதிர்க்கரையில் இருப்பவன் பகைவனல்லன், நம்மைப் போலவே கடன்பட்டு வலை வாங்கியவன் என்னும் செய்தியை இக்கரைக்குக் கொண்டுவர ஒரு பகல் போதும்.

திருத்தூதர் பணிகள் நூலைப் படிப்போர் இதற்கொரு சான்று காண்பர். கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட புனித சின்னப்பர், கப்பல் சீதோன் துறையில் நின்றபோது, நூற்றுவர் தலைவனின் அன்பான அனுமதியோடு கரையிறங்கி நண்பர்களைக் காணச் சென்றார். அதற்கு முந்திய பயணத்தில் தாலமாய் என்னும் துறையில் இறங்கி, அங்கிருந்த சகோதரர்களை வாழ்த்தி, ஒரு நாள் அவர்களோடு தங்கினார். அத்துறைகளின் கட்டடங்களைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. யாரைக் கண்டார், யாரோடு தங்கினார் என்பதே எழுதப்பட்டிருக்கிறது.

ஆதலின் நம் குடும்பங்கள் எந்தச் சிறு துறையில் இறங்கினாலும் சிலவற்றை மனத்திற் கொள்வது நலம். ஒரு பகலுக்குள் ஏழிடத்தைத் திணிக்காதீர்கள், இரண்டிடம் போதும். கப்பலில் வயிறு நிறைய உண்டாலும் கரையிலே ஒரு வேளை உணவை ஊர்க் கடையில் உண்ணுங்கள். யாழ்ப்பாணத்தின் புட்டும் சொதியும் நமக்கு அயலல்ல. ஒடியற் கூழ் நமக்குப் புதிது. பனாட்டோ பனங்கட்டியோ வாங்கினால், செய்தவர் கையிலிருந்தே வாங்க முயலுங்கள். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். கூரையிழந்து நிற்கும் வீட்டைக் கண்டால், அதன் முன் நின்று சிரித்துப் படம் எடுக்காதீர்கள். அதன் உரியவர் எங்கேயோ உயிரோடிருக்கலாம். போரைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் இடைமறியாதீர்கள். ஞாயிறாயிருந்தால் அவ்வூர்ப் பங்குக் கோயிலில் திருப்பலி கண்டு, முடிந்தபின் ஐந்து நிமிடம் முற்றத்தில் நில்லுங்கள். "எங்கிருந்து வந்தனீங்கள்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

கப்பல் ஊதியதும் திரும்பத்தான் வேண்டும். பார்த்த இடங்களின் பெயர்கள் கப்பல் தரும் தாளிலேயே அச்சாகியிருக்கும். அதில் அச்சாகாத ஒரு மனிதரின் பெயரையேனும் அறிந்து, நம் செபத்தில் வைத்து, நம் இல்லத்திற்குக் கொண்டு வருவோமாக.